தேய்ந்த கிளட்ச்சும் கொடுத்த வாக்கும்

கியர் மாற்றி ஓட்டும் புதிய கார் ஒன்றில், சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் கிளட்ச் போய்விட்டால், அந்தச் செலவு யாருடையது என்ற கேள்வி எழுகிறது. பக்குவமாக ஓட்டப்படும் காரில் கிளட்ச் பிளேட் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் உழைக்கும். ஐயாயிரத்திலோ எட்டாயிரத்திலோ அது தேய்ந்து கருகினால், பொருளில் குறை என்கிறார் வாங்கியவர். ஓட்டிய விதத்தில் குறை என்கிறது சர்வீஸ் சென்டர். வாரண்டிப் புத்தகமோ கிளட்ச் பிளேட்டை பிரேக் பேட், வைப்பர் ரப்பர் ஆகியவற்றோடு தேய்மான உதிரிகளின் பட்டியலில் சேர்த்திருக்கும். ஒரே பிளேட்டைப் பார்த்து மூன்று முடிவுகள் பிறக்கின்றன.

வெளிப்பார்வைக்கு இது பணத் தகராறு. ஆனால் இதற்குள் இரண்டு பழைய தத்துவக் கேள்விகள் இருக்கின்றன. முதலாவது அறிவைப் பற்றியது: யாரும் பார்த்திராத ஒரு செயலை, அது விட்டுச்சென்ற அடையாளத்தை மட்டும் கொண்டு எவ்வளவு உறுதியாக அறிய முடியும்? இரண்டாவது அறத்தைப் பற்றியது: உறுதியாக அறிய முடியாதபோது, இழப்பைச் சுமக்க வேண்டியவர் யார்? தமிழ்ச் சமய மரபுகளும் பிற நாட்டு மரபுகளும் இந்த இரண்டையும் ஆழமாக ஆராய்ந்திருக்கின்றன. கிளட்ச்சைச் சோதிக்கும் மலைச்சாலைகளும் இந்த ஆராய்ச்சிக்குத் துணையாகும் தலங்களும் ஒருங்கே அமைந்த தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதி இக்கேள்விகளை வைத்துப் பார்க்கத் தகுந்த இடம்.

கிளட்ச் தேயும் விதம்

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. டயாஃப்ரம் ஸ்பிரிங் அதை இறுக்கிப் பிடிக்கிறது. மிதியை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளுகிறது, பிடி தளர்கிறது, எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போவது நிற்கிறது. மிதியை விடும்போது பிளேட் சிறிது வழுக்கி, பிறகு ஃப்ளைவீலின் வேகத்தை எட்டிப் பற்றிக்கொள்கிறது. அந்தச் சில நொடி வழுக்கலில்தான் உராய்வும் வெப்பமும் உண்டாகின்றன. முழுதாகப் பற்றிய பிளேட் தேய்வதில்லை, முழுதாக விடுபட்ட பிளேட்டும் தேய்வதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே அதைத் தின்கிறது. ஓட்டுநர்கள் இதை ஹாஃப் கிளட்ச் என்பார்கள்.

இந்த இடைநிலை நீள்வதற்கு ஓட்டுபவர் காரணமாக இருக்கலாம். மிதியின் மேல் எப்போதும் காலை வைத்திருப்பது, மேட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல் கிளட்ச்சைக் கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்துவது, இரண்டாவது கியரில் வண்டியைக் கிளப்புவது ஆகியவை அப்படிப்பட்டவை. வண்டியும் காரணமாக இருக்கலாம். ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைவாக இருந்தாலும், ஹைட்ராலிக் சிலிண்டரில் அழுத்தம் முழுதாக வடியாமல் மிதி விடுபட்ட பின்னும் கிளட்ச் அரைகுறையாகத் திறந்திருந்தாலும் பிளேட் வழுக்கும். எண்ணெய் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் படிந்தாலும் வழுக்கும். பிளேட்டின் உராய்வுப் பட்டை தரக்குறைவாக இருந்தால் இயல்பான வெப்பத்தையே அது தாங்காது. ஓட்டுபவரின் கால் செய்வதை, அவர் அறியாமலே ஒரு சிறிய உதிரியும் செய்ய முடியும் என்பது இந்தத் தகராறு முழுவதற்கும் அடிப்படையான உண்மை.

பள்ளத்தாக்கின் சாலைகள்

மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே வருசநாடு, மேகமலைத் தொடருக்கும் நடுவில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் வரிசையாக அமைந்த நிலம் கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் திராட்சையும் வாழையும் விளையும் இந்தத் தரை சமமானது. ஆனால் இங்கிருந்து மேற்கே போக வேண்டுமானால் மலை ஏறித்தான் ஆக வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் செல்லும் சாலைகளும் செங்குத்தானவை.

விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள், சபரிமலை காலத்தில் குமுளிச் சாலையில் ஊர்ந்து செல்லும் வாகன வரிசை, சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குச் சேரும் கூட்டம் ஆகியவற்றுக்கு நடுவில் நின்று நின்று நகரும் காரின் கிளட்ச், சமவெளி நெடுஞ்சாலையில் ஓடும் காரின் கிளட்ச்சைவிடப் பலமடங்கு உழைக்கிறது. இங்கே வாங்கப்படும் காருக்கு மலை ஏறுவது விதிவிலக்கு அல்ல, அன்றாட வேலை. ஆகவே மேட்டில் ஓட்டியதையே தவறான பயன்பாடாகக் கொள்ள முடியுமா என்பது முதலில் தீர்க்க வேண்டிய கேள்வியாகிறது.

மூன்று காரணங்கள்

ஒரு விளைவுக்கு ஒரே காரணத்தைத் தேடுவது மனிதர்களின் இயல்பு. சைவ சித்தாந்தம் இதைத் திருத்துகிறது. எந்தக் காரியமும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றால் நிகழ்கிறது என்பது அதன் கொள்கை. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் மரபு, உலகத்தின் தோற்றத்தை விளக்குவதற்காக இந்தப் பாகுபாட்டைக் கையாண்டது. மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் என்று அது கூறும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் நிகழாது.

கிளட்ச்சின் அழிவுக்கும் இந்தப் பாகுபாடு பொருந்தும். உராய்வுப் பட்டையும் ஸ்பிரிங்கும் சீலும் முதற்காரணத்தின் பக்கம் நிற்கின்றன. மேடும் சுமையும் நெரிசலும் வெப்பமும் துணைக்காரணங்கள். மிதியை இயக்கும் கால் நிமித்த காரணம். வாரண்டி மறுப்பில் வரும் ‘தவறான பயன்பாடு’ என்ற முடிவு இந்த மூன்றில் கடைசியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறது. ‘தயாரிப்புக் குறை’ என்று வாங்கியவர் சொல்லும்போது, அவரும் முதற்காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தம் காலை மறந்துவிடுகிறார். இரண்டும் அரைப் பார்வைகள்.

இந்தப் பாகுபாட்டிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. துணைக்காரணம் முன்பே தெரிந்த ஒன்றாக இருந்தால், அதைக் கணக்கில் கொள்ளும் கடமை முதற்காரணத்தைத் தேர்ந்தெடுத்தவருடையது. ஈரக்காற்று வீசும் ஊருக்குக் குடம் செய்பவர் அதற்கேற்ற மண்ணையும் சூளையையும் தேர்வு செய்ய வேண்டும். மலையடிவாரத்து ஊர்களில் ஷோரூம் திறந்து விற்கும் நிறுவனத்துக்கு அங்குள்ள சாலைகள் எப்படிப்பட்டவை என்பது தெரியும். தெரிந்த மேட்டைக் காட்டித் தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லை. அதே மேட்டில் தேவையின்றி ஹாஃப் கிளட்ச்சில் நின்ற காலுக்கு மட்டும் ஓட்டுபவர் பொறுப்பாளி.

அடையாளமும் அனுமானமும்

காரணம் மூன்று என்றால், இந்தக் காரில் எது மிகுந்து நின்றது என்று எப்படி அறிவது? அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் சுபக்கம், கடவுளைப் பற்றிப் பேசும் முன்னரே அளவை இயலை வைக்கிறது. எதை அறிகிறோம் என்பதற்கு முன் எப்படி அறிகிறோம் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்ற எண்ணமே அந்த வரிசையில் தெரிகிறது. அளவைகளைச் சிலர் பத்து என்று எண்ணினாலும் அவை காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றில் அடங்கும் என்று அந்நூல் கொள்கிறது. கிளட்ச் வழக்கில் காட்சி என்பது கழற்றிய பிளேட். உரை என்பது வாங்கியவரின் சொல்லும் சர்வீஸ் சென்டரின் அறிக்கையும். தீர்ப்பு முழுவதும் கருதலைச் சார்ந்திருக்கிறது.

கருதலில் எங்கே வழுக்குவோம் என்பதை மணிமேகலை விளக்கமாகச் சொல்கிறது. அதை இயற்றிய சீத்தலைச் சாத்தனாரை மதுரைக் கூலவாணிகர் என்று மரபு கூறுகிறது. காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத் தருக்கத்தைக் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அனுமானத்தின் உறுப்புகளை விளக்கி, ஏதுவைப் போலத் தோன்றி ஏமாற்றும் ஏதுப்போலிகளை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாகப் பிரிக்கிறார். அநைகாந்திகத்தின் ஒரு வகை சாதாரணம். நிறுவ விரும்பும் முடிவு இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் பொதுவாகக் காணப்படும் ஏது இது. அப்படிப்பட்ட ஏது எந்த முடிவையும் நிறுவாது.

சர்வீஸ் சென்டர் அறிக்கைகளில் மிகுதியாக இடம்பெறும் வாதத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ‘ஃப்ளைவீலில் நீலநிற வெப்பத் தழும்பு இருக்கிறது, பிளேட் கருகியிருக்கிறது, ஆகவே ஓட்டுநர் ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டியிருக்கிறார்’ என்பது அந்த வாதம். வெப்பத் தழும்பு பிளேட் வழுக்கியதை உறுதியாகக் காட்டும். ஏன் வழுக்கியது என்பதைக் காட்டாது. அழுத்தம் வடியாத சிலிண்டரும் வலுவிழந்த ஸ்பிரிங்கும் இதே தழும்பைத்தான் உண்டாக்கும். இரு தரப்புக்கும் பொதுவான ஏதுவைக் கொண்டு ஒரு தரப்பைக் குற்றவாளியாக்குவது சாதாரண அநைகாந்திகம். கார் புதியது, ஆகவே குறை கம்பெனியுடையது என்று வாங்கியவர் வாதிட்டால் அதிலும் இதே பிழை இருக்கிறது. புதிய காரையும் தவறாக ஓட்டலாம்.

இந்தப் பொது அடையாளத்தைத் தாண்டிச் செல்லும் சிறப்பு அடையாளங்களும் உண்டு. பிளேட்டில் எண்ணெய் படிந்திருந்தால் சீலைப் பார்க்க வேண்டும். ஒரு முகம் மட்டும் தேய்ந்திருந்தால் பிளேட் அதன் தண்டில் தடையின்றி நகர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பட்டை பிய்ந்தோ, பிளேட்டின் சிறு ஸ்பிரிங்குகள் உடைந்தோ இருந்தால் பொருளின் தரம் ஆராயப்பட வேண்டும். சிலிண்டர்கள் சரியாக இயங்கி, பிரஷர் பிளேட்டின் அழுத்தம் அளவில் சரியாக இருந்து, எண்ணெய்க் கசிவும் இல்லாமல், இரு முகங்களும் சீராகத் தேய்ந்திருந்தால்தான் ஓட்டிய விதத்தை நோக்கி விரல் நீட்டுவது நியாயமான அனுமானமாகும். அப்படி ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்த பதிவு அறிக்கையில் இருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கை கருத்து மட்டுமே, சான்று ஆகாது.

விசாரணையின் அறம்

கூடலூருக்கு மேலே, தமிழ்நாடு–கேரள எல்லை மலைமுகட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று பக்தர்களுக்குத் திறக்கப்படும் இக்கோயிலுக்கு, பளியன்குடி வழியாக நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் மக்கள் செல்கிறார்கள். அங்கே வழிபடப்படுபவள், ஆராயாமல் கொடுக்கப்பட்ட தீர்ப்பை எதிர்த்து நின்றவள்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் பிழை என்ன என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கோவலன் மேல் அவனுக்குப் பகை இல்லை. அரசியின் சிலம்பு காணாமல் போனது உண்மை. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளை இணைத்த சொல் பொற்கொல்லனுடையது. சிலம்புகளைப் பற்றி அறிந்த நிபுணன் என்பதால் அச்சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஆனால் அந்த முடிவால் நன்மை அடைபவனும் அவனே என்பதை மன்னன் பார்க்கவில்லை. கோவலனைக் கேட்கவில்லை, சிலம்பைத் திறக்கவுமில்லை. பின்னர் கண்ணகியின் சிலம்பு அவையில் உடைக்கப்பட்டு, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தபோது உண்மை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

இதிலிருந்து மூன்று விதிகளைப் பெறலாம். நிபுணரின் சொல் மதிக்கத்தக்கது, ஆனால் அவர் தன் முடிவால் பயனடைபவராக இருந்தால் அது தனித்து நிற்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரின் சொல்லையும் கேட்க வேண்டும். சான்றை எல்லோர் முன்னிலையிலும் திறக்க வேண்டும். கிளட்ச் வழக்கில், வாரண்டியை ஏற்கலாமா என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதை விற்றவர்களோ தயாரித்தவர்களோ ஆவார்கள். அவர்கள் நேர்மையாக நடப்பவர்களாக இருந்தாலும், தன் வழக்குக்குத் தானே நடுவராக இருப்பது நடுவுநிலைமைக்குப் போதாது. கியர்பாக்ஸை இறக்கும்போது வாங்கியவரை அழைப்பது, ஒவ்வொரு உதிரியையும் அவர் முன் படம் எடுப்பது, கழற்றிய பிளேட்டை அழிக்காமல் வைத்திருப்பது, வெளி மெக்கானிக் ஒருவரின் கருத்துக்கு இடம் தருவது ஆகியவை சலுகைகள் அல்ல. அவை விசாரணை என்ற பெயருக்குத் தகுதி தரும் குறைந்தபட்ச நெறிகள்.

விற்றவரின் வாக்கு

வாரண்டி என்பது விற்றவர் தரும் வாக்கு. பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாமலே பணம் கொடுக்கிறார். அந்த அறியாமைக்கு ஈடாக விற்றவர் தன் சொல்லைக் கொடுக்கிறார். வணிக அறத்தின் நடு இதுதான். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் என்று திருக்குறள் நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்கிறது. வணிகரின் நேர்மையை அந்த அதிகாரத்தில் வைத்ததிலேயே ஒரு கருத்து உண்டு: விற்பவர் தன் தரப்பை மட்டும் பேசும் கட்சிக்காரராக இல்லாமல் இரு தரப்பையும் எடைபோடுபவராக இருக்க வேண்டும்.

பழைய தர்ம நூல்கள் இந்த வாக்குக்குக் காலம் வகுத்தன. வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க, யாக்ஞவல்கிய ஸ்மிருதி இரும்புக்கு 1 நாளும், கறவை மாட்டுக்கு 3 நாளும், சுமை இழுக்கும் விலங்குக்கு 5 நாளும், மணிகளுக்கு 7 நாளும், விதைக்கு 10 நாளும் தருகிறது. அந்தந்தப் பொருளின் குறை வெளிப்பட எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதே இந்த வேறுபாட்டின் அடிப்படை என்று கொள்ளலாம். வண்டி மாட்டைப் பூட்டி ஓட்டிப் பார்த்தால்தான் அதன் குறை தெரியும். கிளட்ச்சின் உள்குறை தெரிய ஐந்து நாள் போதாது, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். எனவே தேய்மான உதிரி என்ற பெயரால் முதல் நாளிலிருந்தே அதை வாக்கிலிருந்து விலக்குவது, வாக்கின் நோக்கத்துக்கு மாறானது. இயல்பான ஆயுளை எட்டி வந்தால் அது தேய்மானம். அந்த ஆயுளின் பத்தில் ஒரு பங்கில் வந்தால், அது விளக்கம் கேட்கும் நிகழ்ச்சி.

கம்பமும் உத்தமபாளையமும் இஸ்லாமிய வணிகக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் ஊர்கள். இஸ்லாமியச் சட்ட மரபில், வாங்கிய பொருளில் முன்பே மறைந்திருந்த குறை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்குக் கியார் அல்-ஐப் என்று பெயர். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் கையை விட்டபோது ஈரம் தட்டியதாகவும், நனைந்ததை மேலே தெரியும்படி ஏன் வைக்கவில்லை என்று விற்றவரைக் கேட்டதாகவும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வணிகத்தில் அருள் உண்டு என்ற கருத்தும் அங்கே காணப்படுகிறது. அருள் இருவருடைய உண்மையையும் சார்ந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

பழைய ரோமாபுரியிலும் இதே கேள்வி எழுந்தது. கால்நடை விற்பவர் அவற்றின் நோயையும் குறையையும் அறிவிக்க வேண்டும் என்று சந்தை அதிகாரிகள் ஆணையிட்டார்கள். விற்றவருக்கே குறை தெரியாமல் இருந்தாலும் அவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. குற்றம் செய்தவர் என்பதால் அவர் பொறுப்பாகவில்லை. பொருளை அறியும் வாய்ப்பு வாங்கியவரைவிட அவருக்கு அதிகம் என்பதால் பொறுப்பானார். குற்றமும் பொறுப்பும் ஒன்றல்ல என்ற இந்தத் தெளிவு கிளட்ச் தகராறுக்கு மிகவும் தேவை.

இன்று போடிநாயக்கனூரில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில், வியாபாரிகள் ஒவ்வொரு குவியலின் மாதிரியையும் கையில் வாங்கி நிறத்தையும் பருமனையும் பார்த்த பிறகே விலை கேட்கிறார்கள். அங்கே வாங்குபவரும் விற்பவரைப் போலவே பொருளை அறிந்தவர். கார் வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அறிவில் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வே வாரண்டியை அறக்கடமையாக்குகிறது.

ஊழும் பொறுப்பும்

சின்னமனூருக்கு அருகில், சுரபி ஆற்றங்கரையில் உள்ள குச்சனூர் சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்கு ஆடிச் சனிக்கிழமைகளில் பெருந்திரளாக மக்கள் வருகிறார்கள். புதிய வண்டி அடிக்கடி சிக்கல் கொடுத்தால், நேரம் சரியில்லை என்று எண்ணி இங்கே எள்விளக்கு ஏற்றுபவர்களும் உண்டு. அந்த வழிபாடு மனத்துக்குத் தரும் அமைதி உண்மையானது. ஆனால் ஊழ் என்ற கருத்து ஒருவரின் பொறுப்பை இன்னொருவர் தட்டிக்கழிக்கக் கருவியாகக் கூடாது.

வினைக்கொள்கையைச் சரியாகப் புரிந்துகொண்டால் அது பொறுப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை. ஒவ்வொரு செயலுக்கும் விளைவு உண்டு, விளைவு செய்தவரையே சேரும் என்பது அதன் சாரம். தரக்குறைவான உதிரியைப் பொருத்தியதும் ஒரு வினை. மேட்டில் கிளட்ச்சைக் கருக்கியதும் ஒரு வினை. ஆராயாமல் அறிக்கை எழுதியதும் ஒரு வினை. திருக்குறளும் ஊழின் வலிமையைச் சொல்லும் அதிகாரத்தோடு நின்றுவிடவில்லை. தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பார் என்று ஆள்வினையுடைமையில் கூறுகிறது. வழிபடுவதும் எழுத்துமூலம் புகார் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இன்றைய சட்டம்

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரத்திலோ நிலையிலோ உள்ள எந்தப் பிழையும் குறையும் அச்சட்டத்தின் பார்வையில் குறைபாடு. வாங்கியவருக்கு உரிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடாகக் கருதப்படுகிறது. சோதனை இல்லாமல் குறையை முடிவு செய்ய இயலாது என்றால், பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை 38ஆம் பிரிவு மாவட்ட ஆணையத்துக்கு அளிக்கிறது. பொது அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதே என்ற அறவண அடிகளின் அறிவுரைக்குச் சட்டம் கொடுத்த நடைமுறை வடிவமாக இதைப் பார்க்கலாம்.

பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்கு எழுந்த இடத்திலோ புகார் கொடுக்க வேண்டும். இப்போது வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். மதுரையில் கார் வாங்கிய கம்பத்துக்காரர் தம் மாவட்டத்திலேயே வழக்கை நடத்த முடியும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அணுகலாம்.

கேட்கக்கூடியதற்கும் எல்லை உண்டு. மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2006இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குறையுள்ள உதிரியைப் பழுதுபார்ப்பதோ மாற்றுவதோதான் வாரண்டியின் கடமை என்றால், அதற்காக முழுக் காரையும் மாற்றித்தர உத்தரவிடுவது பொருந்தாது என்று கூறியது. வாக்கு எந்த அளவுக்குக் கொடுக்கப்பட்டதோ அந்த அளவுக்கே கட்டும் என்பது இதன் உட்பொருள். கிளட்ச் ஒன்றுக்காக புதிய காரைக் கேட்பதும், கிளட்ச்சையே தர மறுப்பதும் இரண்டு எதிர் எல்லைகள்.

சில நேரம் நிறுவனங்கள் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில் என்று சொல்லிச் செலவில் ஒரு பகுதியை ஏற்கின்றன. வாங்கியவரின் சுமை குறைவதால் இது வரவேற்கத்தக்கது. ஆனாலும் கடமையாக இருக்க வேண்டியது கருணையாகக் கொடுக்கப்படும்போது, காரணம் ஆராயப்படாமல் போகிறது. உதிரியில் உண்மையாகவே குறை இருந்தால், அது அடுத்த காரிலும் தொடரும்.

வாங்கியவரின் கடமை

உண்மை பேசும் கடமை இரு தரப்புக்கும் உரியது. கார் ஓட்டிப் பழகுபவர் அந்த வண்டியில் பயிற்சி பெற்றிருந்தால், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியிருந்தால், இன்னொரு வண்டியைக் கட்டி இழுத்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். மறைத்துப் பெறும் இலவச மாற்றம், அடுத்த வாங்குபவரின் நேர்மையான புகாரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

பொருளைப் பேணுவதும் கடமையே. மேட்டில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, கிளம்பும்போது முதல் கியரில் எடுப்பது, வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பது, ஓடும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவது ஆகியவை மலைச்சாலை ஓட்டுநர்கள் வழிவழியாகக் கற்றுத்தரும் பழக்கங்கள். எஞ்சின் உறுமியும் வேகம் ஏறாமல் இருப்பது, கருகிய வாடை, மிதியின் கனம் மாறுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தவுடன், சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் எழுதவைக்க வேண்டும். வாய்ச்சொல்லாக விட்ட புகார் பின்னர் சான்றாக நிற்காது.

தெரியாததைச் சுமப்பவர்

சான்றுகள் ஓட்டியவரைத் தெளிவாகக் காட்டினால் செலவு அவருடையது. அவை பொருளைக் காட்டினால் செலவு தயாரித்தவருடையது. இருவர் பங்கும் தெரிந்தால் இழப்பும் பங்கிடப்பட வேண்டும். இவற்றில் யாருக்கும் நியாயமான மறுப்பு இருக்க முடியாது. எல்லாவற்றையும் ஆராய்ந்த பின்னும் காரணம் துலங்காமல் நிற்கும் வழக்குகள்தான் கடினமானவை.

அத்தகைய வழக்கில், வாரண்டிக் காலத்துக்குள் இருக்கும்வரை, இழப்பைச் சுமக்க வேண்டியவர் வாக்குக் கொடுத்தவரே. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பொருளின் அமைப்பையும் அதே உதிரி பிற கார்களில் எப்படி உழைத்தது என்பதையும் அறியும் வாய்ப்பு அவரிடமே இருக்கிறது. ஒரு குடும்பத்துக்குப் பெரும் சுமையாகும் செலவை, பல்லாயிரம் கார்களின் கணக்கில் பரப்பித் தாங்கும் வலிமையும் அவரிடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, காரணம் தெளிவாகத் தெரிந்த இடத்தில் வாக்கின் உதவி தேவைப்படுவதில்லை. தெரியாத இடத்தில் துணை நிற்பதற்காகவே வாக்கு கொடுக்கப்படுகிறது. சந்தேகம் வந்தவுடன் விலகிக்கொள்ளும் வாரண்டி, தான் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த வேலையையே செய்யாமல் விடுகிறது.

இந்த முடிவு வாங்கியவருக்குத் தரப்படும் சலுகை அல்ல. அவர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், பொருளைப் பேணியிருக்க வேண்டும், சோதனைக்கு ஒத்துழைத்திருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளோடு இது வருகிறது. அவை நிறைவேறிய பிறகும் மிஞ்சும் சந்தேகத்தின் விலையைக் கொடுப்பது, பொருளை விற்று லாபம் பெற்றவரின் கடமை.